ஆட்டக்காரனுக்கு ஓர் உடுப்பு

பெப்ரவரி 5, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட பாவாடைகள் வேலிக்கு அப்பால். முத்து வைத்த பாவாடையைப் பக்கத்து வீட்டு நாய் இழுத்துக்கொண்டு போனது. நாய்க்கும் ரசனை இருக்கிறது.

ஹோட்டல் மனேஜர் கூப்பிட்டார். 14ஆம் திகதி காதலர் தினம், அறையெல்லாம் நிறைந்துவிட்டதாம். "ரீட்டா மிஸ், உங்கட பெல்லி டான்ஸ் குழுவில ஒரு ஆம்பிளையும் வேணும். அண்டைக்கு ஆடின பெடியன்." கேட்பார் என்று தெரியும். போன மாதம் ஒரு ஜெர்மன்காரரின் பிறந்தநாளுக்கு ரிஸ்கானைக் கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஏற்றினேன். கறுப்பு ரீசேட், கறுப்புக் காற்சட்டை. கோப்பை எடுக்க வந்தவன் வழி தவறி மேடையில் ஏறிய மாதிரி நின்றான். ஆடத் தொடங்கியதும் உடுப்பை ஒருவரும் பார்க்கவில்லை.

ரிஸ்கான் (இனி ரி.) ஹோட்டலில் சாப்பாடு பரிமாறுகிறவன். இருபத்துமூன்று வயது, ஊர் பள்ளிவாசல்துறை. நான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தே பழகிவிட்டான். சிலாபத்து நிலூக்கா வருடக்கணக்காக என்னோடு ஆடுகிறவள், அவளே வாயைப் பிளந்தாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவனுடைய அக்காவுக்கு, ராத்தா என்பான், ஷிஃபாவுக்கு 25ஆம் திகதி நிக்காஹ், நோன்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று அவசரம். தம்பி இடுப்பை ஆட்டுகிறான் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறான். நியாயமான பயம்.

ஆகவே உடுப்பு. யோசித்தவை:
- கறுப்புக் காற்சட்டை. மறுபடியும் வெயிட்டர். வேண்டாம்.
- வெறும் மேல். மனேஜரின் ஆசை. ரி. செத்தாலும் மாட்டான்.
- எகிப்து ஆண்கள் போட்டு ஆடும் நீண்ட அங்கி. எனக்குப் பிடித்தது.
- பெண்களின் சட்டையைப் பெரிதாக்குவது. நிலூக்காவின் யோசனை. அவளை ஒருவரும் கேட்கவில்லை.

பெப். 7, புதன்

துணிக்குப் புத்தளம். பாலாவிச் சந்தியில் பஸ் நின்றுகொண்டே இருந்தது, லொறிப் புழுதி முழுக்க என் தலையில். கடும்பச்சை சட்டின் வாங்கினேன். கடைக்காரர், "கலியாண வேலையா?" என்றார். ஓம் என்றேன். ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றத்தானே தைக்கிறேன்.

ரி.க்கு அங்கி வேண்டாமாம். "அது ஜுப்பா மாதிரி ஈக்கி அக்கா. ஜுப்பாவ போட்டு நான் தொழுறன். அதோட இடுப்ப ஆட்ட ஏலா."  எங்கள் பங்குச் சுவாமியின் வெள்ளை அங்கியைத் தந்து என்னை ஆடச் சொன்னால் ஆடுவேனா?

முடிவு: கணுக்காலில் சுருக்கிய தொளதொளக் காற்சட்டை, உள்ளே தோலோடு ஒட்டும் பெனியன், மேலே கையில்லாத குட்டைக் கோட், இடுப்பில் சலங்கைப் பட்டி. மூக்கிலிருந்து கீழே துணி. கண் மட்டும் வெளியே.

நிலூக்கா: "அவன்ட கண்ணத்தானே எல்லாரும் பாக்கிறது. அதை மூடுங்க."

அளவெடுத்தேன். இரண்டு தரம் பிழைவிட்டேன். தட்டு தூக்கித் தூக்கி அவனுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். கோட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நிற்கிறது.

பெப். 9, வெள்ளி

மழை வரும்போல இருட்டு. வரவில்லை.

ஹோட்டல் வாசலில் ஒரு பார்சல். மேலே, "ஆடுற பெடியனுக்கு." அனுப்பியவர் பெயர் இல்லை. காவலாளியைக் கேட்டால், ஓட்டோக்காரன் வைத்துவிட்டுப் போனானாம்.

உள்ளே சிவப்பு. காற்சட்டை, முன்பக்கம் திறந்த குட்டைக் கோட், நாணயம் கோத்த பட்டி. உள்ளே போடப் பெனியன் இல்லை. முகத்துக்குத் துணி இல்லை.

பெண்களுக்குக் கொண்டாட்டம். எந்த வெள்ளைக்காரியடா, ஐம்பதா அறுபதா என்று பகிடி. ரி.யும் சிரித்துக்கொண்டு போட்டுப் பார்த்தான். இடுப்பு, தொடை, நீளம் எல்லாம் அச்சு. தோளைப் பார்த்தேன். இடது பக்கம் இறக்கி வெட்டியிருந்தது. நான் இரண்டு தரம் பிழைவிட்ட இடத்தில் அந்தத் தையல்காரன் பிழைவிடவில்லை. கண்ணால் பார்த்து வெட்டிய உடுப்பு இல்லை இது. நாடா பிடித்து வெட்டியது.

சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் அவசரமாகக் கழற்றினான்.

பெப். 11, ஞாயிறு

பூசை. பிரசங்கம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. சிவப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். உடுப்புக்குப் பூட்டுப் போடுகிறவள் ஊரில் நான் ஒருத்திதான்.

பின்னேரம் ரி. வந்தான். தெரியாத நம்பரிலிருந்து செய்தி. ஒரே சொல்: "சிவப்பு." எடுத்துப் பேசினால் எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும்.

"ஆரோ விளையாடுறாங்க அக்கா."

"ஓம், விளையாட்டுத்தான்," என்றேன். இருவரும் நம்பவில்லை. பச்சைக்குச் சலங்கை கட்டி முடித்தேன். விரலெல்லாம் ஊசிக் குத்து.

பெப். 14, விபூதிப் புதன்

காதலர் தினமும் விபூதிப் புதனும் ஒரே நாளில். காலையில் நெற்றியில் சாம்பல், பின்னேரம் சாம்பலுக்கு மேல் பவுடர். ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான். கடவுள் என் தொழிலைப் பார்த்துப் பழகியிருப்பார்.

பச்சைதான் போட்டான். முகத்துணி நன்றாக நின்றது. நல்ல ஆட்டம். இரண்டாவது பாட்டில் ஒரு சுற்று பிசகினான், அவன் பிசகிறவன் இல்லை. அவன் பார்த்த பக்கம் பார்த்தேன். கடைசி வரிசையில் டொல்பின் பார்க்க ஆட்களைக் கடலுக்குக் கொண்டுபோகும் படகுக்காரர். நடுவில் இர்ஷாத். புத்தளத்தான், படகுகளின் சொந்தக்காரன், மனேஜரின் கூட்டாளி. ஷிஃபாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை அவன்தான். கை தட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் பெண்களைப் பார்த்தார்கள். அவன் பார்த்தது இவனை.

உள்ளே வந்து ரி. நிலத்தில் குந்திவிட்டான். "மச்சான் கண்டுபிடிச்சிட்டாரு அக்கா. முடிஞ்சுது."

முகம் மூடியிருந்தது, எப்படித் தெரியும் என்று நான் தேற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் போனில் செய்தி. அதே நம்பர். "ஏன் சிவப்ப போடல்ல?"

அப்போதுதான் கேட்டேன். "உன்னை வேற ஆரும் அளந்தாங்களா?"

முகத்துணியை அவிழ்த்தான். பிறகு சொன்னான். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தம்பிக்கு, மச்சானுக்கு, உடுப்புக் கொடுப்பது வழக்கம். நிக்காஹ் அன்று வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுகிறவன் அவன்தானே. இர்ஷாத் தானே வாகனத்தில் ஏற்றிப் புத்தளத்துத் தையல்கடைக்குக் கொண்டுபோயிருக்கிறான். கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்து பார்த்திருக்கிறான். சேட்டுக்கும் காற்சட்டைக்கும் அளந்து முடிந்த பிறகும், "இடுப்பையும் தொடையையும் இன்னொருக்கா எடுங்கொ, மச்சானுக்கு நல்லா புடிப்பா ஈக்கட்டும்," என்றானாம்.

"நான் அன்பு எண்டு நினைச்சன் அக்கா."

 

பெப். 16, வெள்ளி

இப்போது ஒளிவு மறைவே இல்லை. நேற்று வந்த செய்தியை ரி. காட்டினான். நிக்காஹ் முடிந்த பிறகு படகில் ஆட வேண்டும். கூட்டாளிமாருக்கு மட்டும். சிவப்பு. முகம் மூடாமல். மாட்டேன் என்றால் ஜெர்மன்காரரின் பிறந்தநாளில் முகம் மூடாமல் ஆடியதை யாரோ எடுத்த வீடியோ உம்மாவின் போனுக்குப் போகும். கீழே ஒரு வரி: "ராத்தாவ நான் நல்லா வெச்சிக்குவன், நீ நல்லா நடந்துகிட்டா."

அந்த வரியைத்தான் ரி. திரும்பத் திரும்ப வாசிக்கிறான்.

உம்மாவிடம் சொல்லடா என்றேன். "என்னத்த சொல்ற? எப்பிடித் தெரியும் எண்டு கேப்பாங்க. நான் ஆடுறதச் சொல்லாம அதச் சொல்ல ஏலாதே."

இர்ஷாத்தை மிதிக்க வேண்டும்போல இருக்கிறது. நிலூக்காவுக்குச் சொல்லவில்லை. அவள் மிதித்தே விடுவாள்.

கறி உப்பாகிவிட்டது. கொட்டினேன்.

பெப். 18, ஞாயிறு

பள்ளிவாசல்துறை போனேன். நான் ஹோட்டலில் ரி.யின் மேலதிகாரி, கல்யாணப் பரிசு கொண்டுவந்தேன் என்று சாட்டு. தேநீர், தொதல், உபசாரம். அவனுடைய வாப்பா இல்லை, உம்மாதான் எல்லாம். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, பன்னிரண்டு வயதில் மன்னாரிலிருந்து வந்தவவாம். கல்யாணச் சாமான்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினா.

"மாப்பிள்ளை தங்கம் பிள்ளை. எங்கட ரிஸ்கான சொந்தத் தம்பி மாதிரிப் பாக்கிறார். உடுப்புக்கு அளவெடுக்கக் கூடத் தானே கூட்டிக்கொண்டு போனார்."

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

வாசல் வரை ஷிஃபா வந்தாள். மெலிந்த பிள்ளை, ரி.யின் அதே கண். "என்னவோ சொல்ல வந்தீங்க போல ஈக்கே அக்கா."

வாய் வரை வந்தது. "நிக்காஹுக்கு என்ன நிறம் உடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆட்டம் பழக்குகிறவள், வாய் மட்டும் கட்டிப்போட்ட ஆடு. வரும் வழியெல்லாம் என்னையே ஏசினேன்.

பெப். 21, புதன்

காற்று இன்னும் அடங்கவில்லை. ஒத்திகைக்கு ரி. வரவில்லை. மனேஜர், "அந்தப் பெடியன் எங்க? இர்ஷாத்தும் கேட்டார்," என்றார். காய்ச்சல் என்றேன்.

சவர்க்காரம், நூல் (பச்சை), மாச்சில் பிஸ்கட் வாங்க மறந்தேன்.

பெப். 23, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து நேரே இங்கே வந்தான், தொப்பி கழற்றாமல். "அந்தச் சிவப்பத் தாங்கொ."

படகுக்குத்தான் போகப் போகிறான் என்று நினைத்தேன். அலுமாரிச் சாவியைக் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உம்மாட்ட காட்டப் போறன் அக்கா. அவரு காட்ட முந்தி நான் காட்டுறன். செய்தியையும் காட்டுறன். ராத்தா அங்க போகக் கூடாது."

"உன்னைக் கொன்றுபோடுவாங்கள்."

"கொல்ல மாட்டாங்க. கதைக்க மாட்டாங்க. அவ்வளவுதான்."

அலுமாரியைத் திறந்தேன்.  மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். வாழ்நாளில் எத்தனை பேருக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இப்படி ஒரு போதும் இல்லை.

பெப். 24, சனி

விடிய வந்து கதவைத் தட்டினான். உதடு வீங்கியிருந்தது. அவனுடைய மாமா அடித்தாராம். கொண்டுபோன பை கையில் இல்லை.

எல்லாம் சொல்லியிருக்கிறான். தான் ஆடுவது, பார்சல், படகு, எல்லாம். மாமா, "உன்ட ஊத்தைய மாப்பிள்ளைட மேல பூசாத," என்றாராம். உம்மா செய்தியை வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாவாம். பிறகு சிவப்பைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தா. சட்டின் எரிந்தால் நாறும், வீடெல்லாம் அந்த நாற்றம் என்றான்.

நம்பினாங்களா என்று கேட்டேன்.

"நம்பினாங்க அக்கா. அதான். நம்பிட்டு, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, ஆடு மாடு அறுத்தாச்சு, இனி நிப்பாட்ட ஏலா எண்டாங்க."

இவனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று நாளைக்குச் சொல்வார்களாம். பின் அறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கொடுத்தேன். படுத்தவன் எழும்பவில்லை. பாணும் சம்பலும் அப்படியே இருக்கிறது. மன்னாரில் என் தங்கச்சி வீட்டுக்குப் பேசிவிட்டேன். நாளைக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறான்.

பெப். 25, ஞாயிறு

"நீங்க போய்ப் பார்த்திட்டு வாங்கொ," என்றான். போனேன்.

பந்தல், மின்குமிழ், ஒரே தட்டைச் சுற்றியிருந்து சகன் சாப்பாடு, பிள்ளைகளின் ஓட்டம். ஒன்றும் நடக்காத வீடு. மாப்பிள்ளை வந்து இறங்கினான். காலைக் கழுவியது மாமாவின் மகன், சின்னப் பெடியன், தண்ணீரைத் தன் காற்சட்டையிலேயே ஊற்றிக்கொண்டான். இர்ஷாத் அவனுக்கு மோதிரத்தைப் போட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தான். "எங்கட மச்சான் எங்க?" சிரித்த முகம். கொழும்புக்கு என்றார் மாமா. "அப்பிடியா, எனக்குச் சொல்லவே இல்லயே," என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கண் என் மேல் வந்து நின்றது.

உம்மா என்னைத் தெரியாதவ போலக் கடந்து போனா. கண் வீங்கியிருந்தது. வையவும் முடியவில்லை அவவை.

பெண்கள் பக்கம் போய் ஷிஃபாவின் கையைப் பிடித்தேன். பனிக்கட்டி. காதோடு சொன்னாள்: "தம்பி சொன்னது முழுக்க உண்மை எண்டு எனக்குத் தெரியும் அக்கா. அவன் உங்கட வீட்டதான் எண்டும் தெரியும். இனி இந்தப் பக்கம் வர விட வேணாம். நான் போன் எடுத்து அழுது கூப்பிட்டாலும் விட வேணாம். அப்ப நான் கூப்பிடல்ல, அவருதான் கூப்பிட வெப்பாரு."

ஒரு பிள்ளைக்கு இந்த வயதில் இவ்வளவு தெரிந்திருக்க வேண்டாம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ரி. என் வீட்டுப் படலையில் நின்றான். கேட்டது ஒன்றே ஒன்று: "ராத்தா என்ன உடுத்திருந்தா?" வெள்ளையில் பொன் வேலை, நல்ல வடிவு என்றேன். தலையாட்டினான். அவள் சொன்னதை இன்னும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏற்றும்போது சொல்ல வேண்டும். இப்போது அடுப்படியில் பருப்புக்குத் தாளிக்கிறான். இரண்டு நாளைக்குப் பிறகு பசிக்கிறதாம்.

பொழுது படுகிறது. என் போனில் ஒரு செய்தி. யாரென்று பார்க்காமல் திறந்துவிட்டேன், மடச்சி. அந்த நம்பர். இன்றைக்கு, கல்யாண வீட்டிலிருந்து.

"மச்சான் உங்கட வீட்டதானே ஈக்கான்?"

அவன் போனில் இரண்டு கோடும் நீலமாகியிருக்கும். நான் வாசித்தேன் என்று அவனுக்குத் தெரியும்.

மன்னாருக்கு முதல் பஸ் விடிந்துதான்.