படுக்கைக்கா, மாத்திரைக்கா?

சொர்ணம்,

இட்லிச் சட்டியில் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன். சட்டி கருகிவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் தீ விபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் போர்மேன் நான்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லித் தொலைக்காதே. உனக்குத் தோசை சுட்டு மூடி வைத்திருக்கிறேன். அதன் வடிவத்தைப் பற்றிப் பேச்சே கூடாது.

ஆமத்தூரிலிருந்து நீ திரும்பியதும் இன்சூரன்ஸ்காரர் அருள்பாண்டி வருவார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால் மட்டும் செலவைத் தரும் பாலிசியா, படுக்காமல் டாக்டரைப் பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் தருவதா என்று கேட்பார். குடும்பம் முழுவதற்கும் எடுப்பதால் இரண்டும் சேர்த்து எடுக்க நமக்குக் கட்டுப்படியாகாது. மாத்திரைக்குத் தருவதையே சொல். சுகர் மாத்திரையை நீ ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிப்பது எனக்குத் தெரியும். நீ படுத்த பிறகு வருகிற பணத்தை வைத்து நான் என்ன செய்ய?

நேற்று நான் கத்தியது இதற்காகத்தான். படுக்கைப் பாலிசி ஏன் வேண்டும் என்று கேட்டால், "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

ரசம் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

பி.கு.: காலேஜுக்குக் கிளம்பிய பிரீத்திகா பின்னால் நின்று இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, உங்கம்மா மனசுல என்னதான் இருக்கு?" என்றேன்.

"இதுகூடத் தெரியாமலாப்பா இருக்கீக? எங்கிட்டு வெடிச் சத்தம் கேட்டாலும் அம்மா வாசலுக்கு ஓடி வந்துருது. உங்களுக்கு ஒண்ணுன்னா நல்ல ஆஸ்பத்திரியில சேக்கணும்னுதான் அதையே கேக்குது."