பணிப்பெண் எந்தக் குரலில் பேசுவாள்?

நம் நாடகப் பிரதி என் மேசையில் கிடக்கிறது. முதல் பக்கத்தில் நீ தின்ற கறிபஃப்பின் எண்ணெய்க் கறை, உன் விரல்தான். அதற்கு மேலே என் கையெழுத்து: மருத்துவர், நான். பணிப்பெண், நீ.

அப்போது நீ மதுரையிலிருந்து நம் பள்ளிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தமிழ் மன்ற ஒத்திகையில் மருத்துவரின் வசனத்தை நீ வாசித்ததும் ஒருவன், "தேக்கா மார்க்கெட்டுல காய் விக்கிற மாதிரி இருக்குலா!" என்றான். நானும் சிரித்தேன்.

"மெய்ட் ரோல் உனக்கு நேச்சுரலா வரும்டி," என்றேன்.

"சரிங்க டாக்டரம்மா. நீங்க ஊசியப் போடுங்க, நான் காபியப் போடுறேன்," என்று நீயும் சிரித்தாய்.

அந்தச் சிரிப்பை அன்று நம்பினேன். இப்போது நம்பவில்லை.

நாடகத்தன்று உன் அம்மா வந்தார். அதே மதுரைப் பேச்சு. அவர் மருத்துவர் என்று ஆசிரியர் சொன்னபோது எனக்குக் காது சுட்டது. மன்னிப்பை விடுமுறைக்குப் பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். ஊருக்குப் போன நீ டெங்கிக் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனாய்.

அந்த வெட்கத்தின் மேலும் எனக்குச் சந்தேகம். உன் அம்மா கிராஞ்சிப் பண்ணையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவராக இருந்திருந்தால் என் காது சுட்டிருக்குமா? சில குரல்கள் எனக்குப் பிடிக்கும், சில பிடிக்காது. அது வெறும் ரசனை என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஏன், பேருந்தில் "இது கேலாங் போகுமாம்மா?" என்று ஒரு தொழிலாளர் கேட்டபோது ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்?

இந்த ஆண்டும் அதே நாடகம்தான். வேடங்களைப் பிரிப்பது நான். திருச்சியிலிருந்து புதிதாக வந்திருக்கும் உயர்நிலை ஒன்றாம் வகுப்பு மாணவியிடம், உன்னிடம் கேட்காததைக் கேட்டேன்.

"உனக்கு எந்த ரோல் வேணும்?"

"மெய்டே போதும்க்கா. எனக்கு அதான் செட் ஆகும்."

"யாரு சொன்னா?"

தாளின் ஓரத்தை மடித்தாள். மருத்துவரின் வசனத்தை அவளிடம் நீட்டி, வாசிக்கச் சொன்னேன். முதல் வரியிலேயே என் காது தீர்ப்புச் சொல்லப் பார்த்தது. அதை நம்பாமல் கடைசி வரிவரை கேட்டேன். நன்றாக வாசித்தாள். மருத்துவர் வேடத்தை அவளுக்குக் கொடுத்தேன்.

பணிப்பெண்ணாக நானே நடிக்கிறேன். நேற்று முதல் வசனத்துக்கே என் வாய் தானாக உன் பேச்சுக்குப் போனது. பாதியில் நிறுத்திவிட்டேன். உன் நினைவில் அப்படி வந்ததா, பணிப்பெண் என்றால் அப்படித்தான் பேசுவாள் என்று வந்ததா? எனக்கே தெரியவில்லை. அது தெரியும்வரை அவள் என் குரலிலேயே பேசட்டும்.