புளி போட்டுத் துலக்கிய செப்பு நாக்கு

அத்தை,

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். டாக்டர் சங்கரலிங்கம். அவருடைய அக்கா பர்வதம்மாள், புருஷனை இழந்து வந்து தம்பி வீட்டை ஆண்டுகொண்டிருந்தவர். டாக்டரின் மகள் கோமதி, தாயில்லாப் பிள்ளை, பன்னிரண்டு வயதிலேயே சர்க்கரை வியாதிக்காரி. பால் ஊற்ற வந்த சுடலைமுத்து. தோட்டக்காரர் மாடசாமி. நீங்கள். அந்த வீட்டில் வேலை பார்த்த உங்களுக்குக் கைத்துணையாக, உங்கள் முதுகுக்குப் பின்னால், கல்யாணமாகி மூன்று மாதமே ஆன உங்கள் மருமகள் நான். ஒருவரையும் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு டம்ளர். நேற்று நம் மேலகரம் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் பார்க்க மெக்கானிக் வந்தான். ஒரு வாரமாகத் தக்காளி, வெண்டைக்காய் எல்லாம் உள்ளே கல்லாகிக்கொண்டிருந்தன. அவன் உள்ளேயிருந்து ஒரு வயரை உருவினான். அதன் நுனியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முண்டு. “ஆச்சி, ஒரு டம்ளர்ல ஐஸும் தண்ணியும் தாங்க” என்றான். முண்டை அதில் முக்கி, வயரின் மறுமுனையில் மீட்டரை வைத்தான். பிறகு முண்டை எடுத்து உள்ளங்கையில் பொத்தினான். மீட்டரில் எண் அசையவே இல்லை.

“சென்சார் செத்துட்டு ஆச்சி. குளிரு எது, சூடு எதுன்னு இதுக்குத் தெரியலை. அதான் மிஷின் நிக்காம ஓடுது.”

அவன் போன பிறகும் அந்த டம்ளர் வேர்த்துக்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அத்தை.

வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின வருஷம் அது. பாபநாசத்துக் கரண்டு வந்த புதிது. குற்றாலத்தில் டாக்டர் தன் பங்களாவில் ஐஸ் பெட்டி வாங்கி வைத்தது கோமதிக்காக. அவளுக்கு நாள் தவறாமல் போடும் ஊசி மருந்து குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. “உறைஞ்ச மருந்து செத்த மருந்து” என்பார். பெட்டியை மதுரையிலிருந்து கொண்டுவந்து வைத்தவர், ஐஸ் அறையின் ஓரத்தில் கவ்வியில் செருகியிருந்த விரல் நீளச் செப்புக் குச்சியைக் காட்டி, “இது மிஷினோட நாக்கு. குளிரை ருசி பார்த்து மோட்டாரை நிறுத்தும். இதை யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வாராவாரம் பெட்டியைத் துடைத்தது நீங்கள். உங்கள் துணி நாக்கைச் சுற்றிப் போகும், நாக்கின் மேல் போகாது. அதில் பச்சைக் களிம்பு ஏறியபோதும் நீங்கள் தொடவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள் காலை, பெட்டியைத் திறந்தால் பால் கட்டி. தயிர் கட்டி. மருந்துக் குப்பிகள் மூன்றும் உறைந்து வெளுத்துக் கிடந்தன. மறு மருந்து சென்னையிலிருந்து ரயிலில் தென்காசிக்கு வர வேண்டும்.

பர்வதம்மாள் கூடத்தின் நடுவே நின்று கத்தினார். “ஏட்டி, உள்ள இருக்க திருகைத் திருகினது நீதான? ஐஸ் பண்ணி சர்பத் கடைக்கு விக்கியோ? எந்தம்பி பிள்ளை உசுரை வித்தா திங்கே?”

நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு அழவில்லை. “சாரல் அடிக்கையில எவம்மா ஐஸ் சர்பத் குடிக்கான்? சுக்குக்காப்பிக் கடையிலதான் கூட்டம் தள்ளுது” என்றீர்கள். மாடசாமி சிரிப்பை அடக்க இருமினார். சுடலைமுத்து சிரிக்கவில்லை. செம்பைக் கையில் பிடித்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாயாடாத. கற்பூரத்தை அடிச்சு சத்தியம் பண்ணு.”

“சாமிக்கு இந்த மிஷினைப் பத்தி என்னம்மா தெரியும்? மிஷினையே கேப்போம்.”

டாக்டர் தந்தி கொடுக்க மாடசாமியைத் தென்காசிக்கு அனுப்பினார். சுடலைமுத்து அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்றப் போனார். பர்வதம்மாள் கோமதியைப் படுக்க வைக்க உள்ளே கூட்டிப்போனார். மிச்சம் நாம் இருவரும் டாக்டரும்.

நீங்கள் பெட்டியின் முன்னால் மண்டியிட்டுக் காது வைத்தீர்கள். “ஐயா, நான் வந்ததுலேருந்து இது ஒருக்கக்கூட நிக்கலை. மூச்சு விடாம ஓடுது.” உள்ளே கையை விட்டுத் தடவினீர்கள். நாக்கு கவ்வியில் இல்லை. தன் மெல்லிய குழாயோடு கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏட்டி, ஐஸை நுணுக்கி டம்ளர்ல போடு. ஒரு கை கல்லுப்பும் போடு.”

அம்மிக் குழவியால் நுணுக்கிக் கொண்டுவந்தேன். டம்ளரைப் பெட்டியின் தட்டிலேயே வைத்து, குழாய் ஒடியாமல் வளைத்து, நாக்கை உப்பு ஐஸுக்குள் இறக்கினீர்கள். மூவரும் காத்திருந்தோம். ‘டக்’ என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றது. மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டுவது அப்போதுதான் கேட்டது. பிறகு நாக்கை எடுத்து உள்ளங்கையில் பொத்தினீர்கள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது. மூன்று முறை செய்து காட்டினீர்கள். மூன்று முறையும் அப்படியே.

“நாக்கு சாகலை ஐயா. இடம் மாறித் தொங்குது. ஐஸ் அறையைத் தொடாம இருக்கவும் குளிரு பத்தலைன்னு நினைச்சு ஓடிக்கிட்டே இருக்கு.”

அப்போதுதான் உள்ளங்கையை விரித்துப் பார்த்தீர்கள். களிம்பேறிக் கிடந்த நாக்கு, புதுச் செம்பாகச் சிவந்து மின்னியது. மூக்கருகே கொண்டுபோய் மோந்தீர்கள். உள்ளங்கையை டாக்டர் பக்கம் நீட்டினீர்கள். அவரும் குனிந்து மோந்தார். புளி வாசனை. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை பூசைக்குச் செம்பு துலக்குவது பர்வதம்மாளின் கை ஒன்றுதான். பூசைப் பாத்திரத்தை நம்மை அவர்கள் தொட விட்டதே இல்லை. வீட்டில் செம்பாக இருப்பதெல்லாம் துலங்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்ததையும் கழற்றித் துலக்கிவிட்டு, மாட்டத் தெரியாமல் விட்டிருக்கிறார்.

டாக்டர் உங்களைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். நான் நாலடி தள்ளி நின்றேன். “உன் மேல தப்பில்லை. எனக்குத் தெரியும். அக்கா பாவம், மனசு உடைஞ்சு போவா. இதோட விட்டுரு.”

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் ஐயா. ஏழு பேரு கேக்க விழுந்த பழி. அந்த ஏழு பேரு கேக்க ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“பார்ப்போம்” என்றார்.

மருந்து மூன்றாம் நாள்தான் வந்தது. அதுவரை நாக்கு வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்று கிடந்த கோமதியின் பக்கத்தில் நீங்கள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். பிள்ளை பிழைத்தாள். அதன் பிறகு தினமும் காலையில், பால் வரும் நேரத்தில், எல்லாரும் கூடும்போது கூடத்து வாசலில் வந்து நின்றீர்கள். டாக்டர் காப்பி குடிப்பார், செய்தித்தாளை மடிப்பார், எழுந்து போவார். ஏழு காலை நின்றீர்கள். எட்டாம் நாள் துடைக்கும் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டீர்கள். கோமதி வாசல் வரை அழுதுகொண்டு வந்தாள்.

நாம் மேலகரம் வருவதற்குள் சுடலைமுத்துவின் பாலோடு அந்தச் சொல்லும் வந்து சேர்ந்திருந்தது. ஐஸ்காரி. அதற்குப் பிறகு உங்களுக்கு வேறு பேர் இல்லை. முப்பது வருஷம் கழித்து உங்களைப் பாடையில் தூக்குகிற அன்று தெருமுனையில் ஒருவன் கேட்டான், “யாரு, நம்ம ஐஸ்காரியா?” அவனை அங்கேயே நான் பேசிய பேச்சில் பிறகு நம் வாசல் பக்கமே அவன் வரவில்லை.

நேற்று மெக்கானிக் போன பிறகு, உங்கள் கொள்ளுப்பேரன் கண்ணன் அடுக்களைக்குப் போய், வீட்டு வேலைக்கு வரும் செல்வியிடம் மெதுவாக “ஸாரிக்கா” என்றான். ஃபிரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்துவதில்லை என்று அந்த வாரம் முழுக்க அவளைத்தான் எல்லார் முன்னாலும் கத்திக்கொண்டிருந்தான்.

“ஏலே, இங்கன வா. அவளை ஏசுகையில யாரு யாரு இருந்தா?”

“நீங்க, அம்மா, எதிர்வீட்டு பாத்திமாக்கா. எதுக்கு ஆச்சி?”

“எல்லாரையும் கூப்பிடு.”

“அது முடிஞ்ச கதை, விடுங்க ஆச்சி.”

“முடியலை. எழுபது வருசமானாலும் முடியாது. கூப்பிடுலே.”

கூப்பிட்டான். எல்லாரும் கேட்கச் சொன்னான். மாவுக் கையோடு நின்ற செல்வி, “அப்போ வெண்டைக்காய்க்கும் நான் பொறுப்பில்லல்லா?” என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்று சொல்ல வைத்தேன். உங்களிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அத்தை. உங்களுக்கு நான் வாங்கிக் கொடுக்க முடியாமல் போனதும் அதுதான்.

பர்வதம்மாளை எப்போதோ மன்னித்து விட்டுவிட்டேன். தம்பி சோற்றில் இருந்தவர், உண்மையைச் சொன்னால் எங்கே போவது என்று பயந்திருப்பார். சுடலைமுத்து கேட்டதைச் சொன்னார், கேளாததை அவர் எப்படிச் சொல்வார்? அவரையும் விட்டேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நின்ற என்னை, நடந்து வருகையிலேயே, “சின்னப் பிள்ளை நீ” என்று நீங்கள் மன்னித்துவிட்டீர்கள்.

ஆனால் போய்ச் சேர்ந்த பிறகும் கைராசிக்காரர் என்று ஊர் இன்னும் கும்பிடுகிற ஒருவரை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஏழைகளிடம் காசு வாங்காதவர். என் மூத்தவனுக்குக் காய்ச்சல் கண்டபோது கூப்பிடாமலே வந்து பார்த்தவர். புளி வாசனையை என் கண் முன்னால் மோந்தவர். கிணற்றடியில் சொல்ல முடிந்ததை நாலடி தள்ளிக் கூடத்தில் சொல்ல நாக்கு வராதவர்.

டாக்டர் சங்கரலிங்கம்.