அந்த லேப்டாப்பை இனித் திறக்காதே

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் கோபம் ஒன்றுதான் கட்டுக்குள் இல்லை. அங்கே நீயும் உன் உடம்பும் நன்றாக இருக்கவேண்டும். இதைப் படித்து முடிக்கும்வரை இங்கிருந்து கொண்டுபோன லேப்டாப்பைத் தொடாதே. போனில் சொல்லாமல் ஏன் பேனாவைப் பிடித்தாள் என்று நினைப்பாய், உன் போனும் அந்த லேப்டாப்போடு பிணைந்திருப்பதுதானே, அதனால்தான் நம் வக்கீலம்மாவின் மகள் உன் ஊருக்கு வருகிறாள் என்றதும் இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவை வங்கி வாசலில் உன் முன்னாள் புருஷன் பார்த்திருக்கிறான். முகமெல்லாம் பல்லாக, "மாமா, உங்க முட்டி ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சாமே, அவளுக்கும் இருமல் இன்னும் நிக்கலையாமே"ன்னு விசாரித்தானாம். அப்பா பாவம், யாரோ சொல்லியிருப்பார்கள் என்று வந்து சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபரேஷனைப் பற்றி நான் உனக்கு மட்டும்தான் மெயிலில் எழுதினேன், இருமலைப் பற்றி நீ எனக்கு மட்டும்தான் எழுதினாய். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் ஓடினேன். என் போனைக் குடைந்து பார்த்துவிட்டு இதில் ஒன்றுமில்லை என்றார், மகளுடைய லேப்டாப் யார் கையிலாவது போய் வந்ததா என்று கேட்டார். அப்போதுதான் பொறி தட்டியது. நீ கிளம்புவதற்கு முன், புது நாட்டில் கஷ்டப்படக் கூடாது, நானே சரிபார்த்துத் தருகிறேன் என்று அவன் வாங்கிப் போனானே, பிரிந்த பிறகும் எவ்வளவு பெருந்தன்மை என்று அப்பா உருகினாரே, அந்தப் பெருந்தன்மைதான். நீ எந்த எழுத்தைத் தட்டினாலும் அது அவனுக்குப் போகிறமாதிரி ஒன்றை உள்ளே வைத்துத் தந்திருப்பான், அப்படிக் கிடைத்த கடவுச்சொல்லால் உன் மெயிலையும் திறந்து படிப்பான், அதிலேயே மாற்றினால் புதியதும் அவனுக்கே போய்ச் சேரும் என்றார் பழுது பார்ப்பவர். நீ அங்கே தனியறையில் உட்கார்ந்து எனக்கு எழுதிய அழுகையை எல்லாம் எனக்கு முன்னால் அவன் படித்திருக்கிறான், கண்ணு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போலீசுக்குப் போகலாம் என்றார் அப்பா. போகலாம், ஆனால் முதலில் அவன் அக்காவிடம் போகவேண்டும் என்றேன். பஞ்சாயத்தில் இரண்டு குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, "உங்க பொண்ணுக்குத்தான் மனசு சரியில்ல, என் தம்பி வேவு பாக்கறான்னு கற்பனை பண்றா"ன்னு சொன்னாளே, அது என் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. அவள் வீட்டுக்கே போய், அவள் கண்ணெதிரே உனக்கு ஒரு மெயில் எழுதினேன். உன் பழைய போனில் அவன் கத்தியதெல்லாம் பதிவாகி இருக்கிறது, அதைக் கீழ்வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்திருக்கிறேன், சாயங்காலம் வக்கீலம்மா வந்து வாங்கிக்கொள்வார் என்று. அப்போது நீ தூக்கத்தில் இருப்பாய் என்று தெரிந்துதான் அனுப்பினேன். மறுநாள் நீ "என்னம்மா பதிவு?" என்று கேட்டபோது ஏதோ ஞாபகத்தில் எழுதிவிட்டேன் என்று மழுப்பினேன், நினைவிருக்கிறதா?

"இது பொய்யா இருந்தா எங்க வீட்டுப் பக்கமே நீங்க வரக்கூடாது"ன்னு சொல்லிவிட்டுத்தான் அவன் அக்கா என்னோடு வந்தாள். தையல்காரி கடையில் அளவு பார்க்கும் திரைக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் போனையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டான். அத்தைதான் அனுப்பினாங்க, பழைய போனைக் கொடுங்க என்றான். தையல்காரி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, எந்த போன் தம்பி என்றாள். "அதான், வக்கீலம்மாவுக்குக் கொடுக்கணும்னு வச்சிருக்கீங்களே, அந்தப் பதிவெல்லாம் இருக்கற போன்"ன்னான். அவன் அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய், "டேய், உனக்கு யாருடா சொன்னது?"ன்னு கேட்டாள். அத்தைதான் என்றான். நானும் வெளியே வந்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அதோடு விட்டேனா? அவள் போனை அவள் கையிலேயே கொடுத்து, பஞ்சாயத்தில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிடு, என் மகளைப் பைத்தியம் என்று சொன்ன அதே வாயால் நடந்ததைச் சொல் என்றேன். முதலில் தயங்கினாள். பிறகு பெரிய மாமாவில் தொடங்கி ஒருவர் விடாமல் சொன்னாள், முடிப்பதற்குள் குரல் கட்டிப்போனது. அத்தனை நேரமும் அவன் தையல் மெஷின் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான், அக்கா நகரவிடவில்லை. வக்கீலம்மாவிடம் சாட்சி சொல்லவும் அவளே ஒப்புக்கொண்டாள். ஒரு நிமிஷம் அவள்மேல் இரக்கம்கூட வந்தது, ஒரு நிமிஷம்தான்.

நேற்று அவன் வாசலில் வந்து நின்று, "அத்தை, புகார் கொடுத்தா என் வேலை போயிடும், மன்னிச்சிடுங்க"ன்னு அழுதான். ஆபீசில் எல்லார் கம்ப்யூட்டருக்கும் காவலாக இவனைத்தானே வைத்திருக்கிறார்கள். எனக்கு மன்னிக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை என்று கதவைச் சாத்தினேன். அப்பாதான், அவன் பிழைப்பு போகுமே என்று முணுமுணுக்கிறார். அவருக்கு நீ பதில் சொல்லு. இதோடு வைத்திருக்கும் புகாரில் கையெழுத்துப் போடவேண்டியவள் நீ, வேண்டாம் என்று சொன்னால் நான் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் சொல்லாதே. லேப்டாப்பைத் துடைக்கிறேன், சுத்தம் செய்கிறேன் என்று யாரிடமும் கொடுத்துவிடாதே, அதுதான் சாட்சி, இந்தக் கடிதம் கொண்டுவந்த பெண்ணிடமே அப்படியே ஒப்படை, திரும்பும்போது வக்கீலம்மாவிடம் சேர்ப்பாள். வேறு ஒன்று வாங்கி, புது மெயில் கணக்குத் தொடங்கி, போனையும் அதற்கே மாற்று. இருமலுக்கு வெந்நீர் குடி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்காதே.

எந்தக் கண்ணும் படாமல் நீ நிம்மதியாக, நீண்ட ஆயுளோடு இரு. கையெழுத்துப் போட்டு அனுப்ப மறக்காதே. கூடவே உன் கையால் எனக்கு நாலு வரி எழுது, சந்தோஷமோ அழுகையோ எதுவானாலும் சரி, இந்த முறை நான்தான் முதலில் படிப்பேன்.

உன் அம்மா