பேச வராத புது அக்கா

ஜூன் 10
முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. "உங்க ஆய்வோட தத்துவ அணுகுமுறை என்னம்மா? இந்த மாசத்துக்குள்ள சொல்லலைன்னா பதிவு ரத்து" என்கிறார் வழிகாட்டி. நான்கு வருட உழைப்பு அம்போ! முழு நடுநிலை என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். நாளை முதல் சிறப்புப் பள்ளி வகுப்பறையின் மூலையில் உட்காரப் போகிறேன். பேச்சு, சிரிப்பு, தலையாட்டல் எதுவும் கிடையாது.

ஜூன் 11
ஒரு மாணவி தண்ணீர் வேண்டுமா என்றாள். சுவரைப் பார்த்தேன். என்ன ஒரு அறிவியல்!

ஜூன் 13
மானம் போயிற்று.

அங்கே பேச வராத பிள்ளைகள் கழுத்தில் பட அட்டைகளை மாட்டிக்கொண்டு, வேண்டியதைத் தொட்டுக் காட்டுவார்கள். கனத்த கண்ணாடி போட்ட வகுப்புத் தலைவி இன்று ஒரு அட்டைக் கொத்தை என் கழுத்திலும் மாட்டிவிட்டாள். "புது அக்காவுக்குப் பேச வராது டீச்சர். நான் பாத்துக்கறேன்." ஆசிரியை சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாயைத் திறந்தால் ஆய்வு கெடும். திறக்காவிட்டால்... அவசரம் வேறு! கழிப்பறைப் படத்தைத் தொட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் காவலும் நின்றாள்.

வீட்டில் சொன்னால் தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "யாரு யாரை ஆராய்ச்சி பண்றாங்கக்கா?" சனியன். சரியாகத்தான் கேட்கிறாள்.

ஜூன் 16
இதற்கு மேல் நடிக்க முடியாமல் இன்று வகுப்பில் பேசிவிட்டேன். வகுப்பே கைதட்டியது. தலைவிக்குத் தலைகால் புரியவில்லை: "நான்தான் பேச வெச்சேன்!"

ஜூன் 20
வழிகாட்டி கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைங்ககிட்ட அனுமதி கேட்டீங்களா?" தலைமையாசிரியரிடம் கேட்டிருந்தேன், பெற்றோரிடம் கேட்டிருந்தேன். பிள்ளைகளிடம்? தோன்றவே இல்லையே! வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 23
பிள்ளைகளிடம் கேட்டேன். கூடிப் பேசிவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். மாதம் முடியப் போகிறது, கடவுளே!

ஜூன் 27
சம்மதம். ஆனால் எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டுமாம். முதல் பக்கத்திலேயே இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். தலைவி மட்டும் அசையவில்லை. "என் கண்ணைப் பத்தி எதுக்கு அரைப் பக்கம்? நான் பாட்டுல ஃபர்ஸ்ட், அது எங்க?" பேனாவை வாங்கி அந்த அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டாள். நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து செதுக்கிய பத்தி. அழுகை வந்தது. திருப்பி எழுதவில்லை.

ஜூன் 30
வழிகாட்டி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தார். "பார்வைக் குறைபாட்டு விவரத்தைக் காணோமே?"

"அவ வேண்டாம்னுட்டா சார்."

"இதுதாம்மா உங்க அணுகுமுறை" என்றார். பிறகு அணுகுமுறை என்ற தலைப்புக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்.