நான்காம் குழியில் கிடைத்த பெண் யார்?

அனுப்புநர்:
மனு எழுதும் தட்டச்சர்,
நீதிமன்ற மதிலோரம்,
ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த மேசை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தொல்லியல் துறை, தலைமை அலுவலகம்.

பொருள்: ஊருக்கு வடக்கே பழைய செங்கல் சூளை மேட்டில் தோண்டப்பட்ட புதைகுழிகள் – நான்காம் குழிப் பெண்ணின் மரபணு மனுதாரரோடு ஒத்துப்போவது – இதற்குத் தங்கள் துறையே மூன்று விதமாக விளக்கம் அளித்தது – உண்மை எது எனத் தெரிவிக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் துறையின் பத்திரிகைச் செய்தி. 2. அருங்காட்சியகப் பொறுப்பாளர் எனக்கு அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிறருக்காக மனு எழுதிப் பிழைப்பவன் நான். வாடகைத் தகராறோ, பிறப்புச் சான்றோ, காணாமல் போன ஆடோ, எதுவாயினும் வந்தவரை உட்காரவைத்து "உங்களுக்கு என்ன வேணும்?" என்றுதான் முதலில் கேட்பேன். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மனு பாதி முடிந்த மாதிரி. இந்த மனுவில் அந்தக் கேள்விக்கு என்னிடமே பதில் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்கேனும் குழப்பமாகத் தோன்றினால், அது என் குழப்பமே தவிர தங்கள்பால் மரியாதைக் குறைவு அன்று.

1. குடிநீர்த் தொட்டிக்கு அடித்தளம் தோண்டியபோது சூளை மேட்டில் கற்பலகை மூடிய பழங்காலப் புதைகுழிகள் வெளிப்பட்டதும், தங்கள் துறையினர் வந்து எலும்புகளையும் பற்களையும் எடுத்துச் சென்றதும் தாங்கள் அறிந்ததே. இந்த ஊரின் முதல் குடி நாங்கள்தான் என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் நெடுங்காலமாக வாதாடி வருகின்றன. அதைத் தீர்த்துவைப்பது போலத் தங்கள் துறை பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்தி, ஊர்மக்களின் எச்சிலைச் சேகரித்தது. பழைய எலும்பின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் யார் யாருடைய வழிவந்தவர் எனத் தெரியும் என்றார்கள். எனக்கு அதில் அக்கறை கிடையாது. "வாங்கண்ணே, சும்மா துப்பிட்டு வர்றதுல என்ன போச்சு?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

2. நகர மன்றக் கூட்டத்தில் முடிவை அறிவித்தார்கள். இரண்டு தெருக்காரர்களின் எச்சிலும் பழைய எலும்புகளோடு ஓரளவுதான் ஒத்துப்போனது. நான்காம் குழிப் பெண்ணோடு மிக நெருங்கிப் பொருந்தியது ஒரே ஒருவருடைய எச்சில். அது என்னுடையது. மேடைக்கு அழைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக அறுபடாத வம்சம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மறுநாள் முதல் நான் நீதிமன்ற வாசலில் "ஆதி அண்ணன்" ஆகிவிட்டேன். கீழத்தெருக்காரர் ஒருவர் என்னிடம் மனு எழுதுவதையே நிறுத்திக்கொண்டார். அந்தச் சில நாட்கள் எனக்கும் சற்றுத் தலைகால் புரியாமல்தான் இருந்தது.

3. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் இந்த ஊர்க்காரன் அல்லன். என் தந்தை பிழைப்புத் தேடித் தொலைவிலிருந்து வந்து, இந்தச் சூளையில் மேஸ்திரி ஆனவர். அக்காவும் நானும் பிறந்தது மட்டுமே இங்கே. இதை அகழாய்வை நடத்திய தங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். "உங்க முன்னோர் இங்கிருந்து போயி, திரும்ப வந்திருப்பாங்க" என்று சிரித்தபடி சொன்னார். இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

4. கண்ணாடிச் சட்டம் போட்டு மேசையில் வைக்கலாம் என்று முடிவின் நகல் கேட்டு ஆய்வறைக்குச் சென்றேன். அங்கிருந்த ஆய்வாளர் ஓர் இளம்பெண். கணினியில் என் எண்ணைத் தேடி எடுத்தவர், அதை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "சார், அவ்வளவு பழைய ஆளுன்னா துளித்துளியாத்தான் ஒத்துப்போகும். இது பாதிக்குப் பாதி ஒத்துப்போகுது. கூடப் பிறந்தவங்களுக்குத்தான் இப்படி வரும்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

5. ஐயா, எனக்கு ஓர் அக்கா உண்டு. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். யாருடனோ ஓடிப்போனதாகத் தந்தை சொன்னார். "இனிமே இந்த வீட்டுல அவ பேச்சே இருக்கக் கூடாது" என்றார். அதன் பின் அவள் பேச்சு எழவே இல்லை. அதே மாதம் சூளை வேலையை விட்டார். அதன் பின் சாகும்வரை அந்த மேட்டுப் பக்கம் அவர் போய் நான் பார்த்ததில்லை. அதை அவமானம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். தந்தையின் சாவுக்கும் அக்கா வராதபோது, இப்படியும் ஒரு பெண்ணா என்று நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். இன்றுவரை அவள்மீது எனக்குக் கோபம்தான். அந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

6. ஆய்வாளர் சொன்னதைத் தங்கள் அதிகாரிகளிடம் கொண்டுபோனேன். கிடைத்த விளக்கங்கள் பின்வருமாறு:

(அ) பேராசிரியர்: இது பழைய வம்சத் தொடர்புதான், அந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது.

(ஆ) ஆய்வக மேலாளர்: தோண்டியவர்களின் வியர்வையோ எச்சிலோ எலும்பில் பட்டிருக்கும். "உங்க வீட்டுப் பொம்பளைங்க யாராச்சும் குழியில வேலை பார்த்தாங்களா?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை. என் மனைவிக்கு மண் என்றாலே தும்மல் வரும்.

(இ) அருங்காட்சியகப் பொறுப்பாளர்: குப்பிகளில் ஒட்டிய எண் மாறியிருக்கலாம், எனினும் காட்சிப்பொருளில் மாற்றம் தேவையில்லை, கோப்பு முடிக்கப்பட்டது.

எண் மாறியிருந்தால் வம்சம் பொய். வம்சம் மெய்யானால் வியர்வை பொய். மூன்றும் ஒரே துறையின் விளக்கமாக எப்படி இருக்க முடியும் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றுகிறது. எதை நம்பச் சொன்னாலும் நம்பிவிடுவேன் ஐயா. ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

7. குழியின் காலம் கணிக்கப்பட்டது அடியில் கிடைத்த கரியைக் கொண்டே. எலும்பைச் சோதிக்கவில்லை என்று அதே ஆய்வாளர் பின்னர் தெரிவித்தார். நான்காம் குழியின் மூடுகல் மட்டும் முன்பே நகர்ந்திருந்தது என்றும், மேல்மண் இளகிக் கிடந்தது என்றும் கூறினார். இதைச் சொன்னதற்காக அவர்மீது நடவடிக்கை ஏதும் எடுக்க வேண்டாம் என மன்றாடுகிறேன். என்னிடம் தெளிவாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

8. அதன் பின் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். கண்ணாடிப் பெட்டியின் மேல் "ஆதித்தாய்" என்று எழுதியிருந்தது. கீழே சிறிய எழுத்தில், வயது இருபதுக்குள் என்றும், இடது முன்கை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருக்கிறது என்றும் குறிப்பு இருந்தது. அக்கா வாடகை சைக்கிள் ஓட்டப் பழகும்போது விழுந்து கையை உடைத்துக்கொண்டவள். கட்டுப் போட்டவர் கோணலாகப் போட்டுவிட்டார். "நேர் கையால எறிஞ்சா எல்லாரும் பந்தைப் பிடிச்சிடுறாங்க, என் கையால எறிஞ்சா ஒருத்தராலயும் முடியலை பாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். எந்தக் கை என்று மட்டும் எனக்கு நினைவில்லை. கண்ணை மூடிப் பார்த்தால் ஒரு தடவை இடது கை வருகிறது, இன்னொரு தடவை வலது கை வருகிறது.

9. வேறு வழியின்றி அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், "இடது" என்றார். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷம் கழிச்சு அந்தக் கையைப் பத்தி ஏண்டா கேக்குற?" என்றார். நான் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் நம்பவில்லை. அவருக்கு அக்கா எங்கோ ஓர் ஊரில் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறாள். மூத்த பேத்திக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கும் என்று போன வருடம்கூடச் சொன்னார். அம்மாவின் எச்சிலைச் சோதித்தால் ஒரே வாரத்தில் சந்தேகம் தீரும் என்று ஆய்வாளர் கூறியிருந்ததைத் தெரிவித்தேன். "நான் துப்ப மாட்டேன். என் பொண்ணு நல்லா இருக்கா" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். கீரை அப்படியே கிடந்தது.

10. என் தந்தை குறித்து இம்மனுவில் நான் எந்தக் குற்றச்சாட்டும் கூறவில்லை. பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. அவர் எனக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். "நகல்: காவல் ஆய்வாளர்" என்று இம்மனுவின் கீழே தட்டச்சு செய்தேன், பிறகு அழித்தேன், மீண்டும் செய்து மீண்டும் அழித்திருக்கிறேன். அனுப்ப வேண்டுமா, கூடாதா என்பதையும் தாங்களே அறிவுறுத்த வேண்டும்.

11. கடந்த வாரம் அம்மா தாமாகவே, "அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். கண்ணாடிப் பெட்டியின் முன் நெடுநேரம் நின்றார். கையை மட்டும்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அழுவார் என்று பயந்து நான் பக்கத்திலேயே நின்றேன். அழவில்லை. "யாரு பெத்த பொண்ணோ" என்று மட்டும் சொன்னார். வெளியே பேருந்துக்காகக் காத்திருந்தபோது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்னமோ எடுக்கணும்னாங்களே, எடுத்துக்கச் சொல்லு. ஆனா ஒத்துப்போச்சுன்னா என்கிட்ட சொல்லாத. ஒத்துப்போகலைன்னாலும் சொல்லாத" என்றார். ஏன் என்று கேட்டேன். "நீ தெரிஞ்சுக்கோ. எனக்கு வேண்டாம்" என்றார்.

எனவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, கரியை அல்லாமல் அந்த எலும்பையே காலக்கணிப்புக்கு அனுப்பவும். என் தாயாரின் எச்சிலைப் பெற்று ஒப்பிடவும். முடிவு தெரியும்வரை "ஆதித்தாய்" என்ற பலகையைக் கழற்றிவைத்து, அந்தப் பெண்ணைப் பார்வையாளர் கண்ணில் படாத அறைக்கு மாற்றவும். முடிவை வீட்டுக்கு அனுப்பாமல், யாரேனும் ஒருவர் மதிலோர மேசைக்கு நேரில் வந்து என்னிடம் மட்டும் தெரிவிக்கவும் ஆணையிடும்படி இறைஞ்சுகிறேன். முடிவு எப்படி வந்தால் நான் மகிழ வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எப்படி வந்தாலும் தாங்கள் தாமதிக்க வேண்டாம்.

இம்மனுவோடு பருத்திப் போர்வை ஒன்றை இணைத்துள்ளேன். மனுவோடு துணி இணைக்கும் வழக்கம் கிடையாது என்று அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். காட்சியறை ஏசியில் தமக்கே நடுங்கியது என்றும், அந்தப் பெண் ஒன்றுமில்லாமல் கிடக்கிறாள் என்றும் சொல்லி, கையில் திணித்துவிட்டார். அவள் எங்கள் வீட்டுப் பெண் என்றாலும், வேறு எந்தக் காலத்துப் பெண் என்றாலும், போர்வையைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இடம்: நீதிமன்ற மதிலோரம்
நாள்: நடப்பு மாதம் பதினாறாம் தேதி

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: பார்வையில் கண்டவற்றின் நகல்கள்; போர்வை ஒன்று.