மீசை வைத்த என் முகம்

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இங்கே அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லை. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள் என்றுதான் இதைக் கைபேசியில் டைப் செய்து அனுப்புகிறேன். கடைசி வரை படியுங்கள்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வேலை இல்லை. கம்ப்யூட்டர் என்னை உள்ளே விடவில்லை. நீங்கள் லீவில் வந்திருந்தபோது, நான் வீட்டில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டருக்கு ஆபீசில் போட்ட புதுப் பூட்டு நினைவிருக்கிறதா? கைபேசியில் முகத்தைக் காட்டி, கண்ணைத் திறந்து மூடினால்தான் திறக்கும். பார்வையில்லாத என் கண்களின் இமைகள் பாதிதான் திறக்கும். அது விடாமல் ‘கண்ணைத் திறக்கவும்’ என்று அதட்டியது. எந்த மூஞ்சியா இருந்தா என்ன, பூட்டு தொறந்தா சரின்னு சொல்லி நீங்கள் உங்கள் முகத்தைப் பதிந்துவிட்டீர்கள்.

நீங்கள் கிளம்பிய பிறகு கம்ப்யூட்டரை அணைக்காமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை கரண்ட் போனது. அவ்வளவுதான்.

முகத்துக்குப் பதிலாக ரகசிய எண் கேட்டேன். திரையில் வருவதை எனக்கு வாசிக்கும் குரல் அதைச் சொல்லி, நான் அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அடுத்து, எந்தப் படத்தில் பஸ் இருக்கிறது என்று கேட்டது. சத்தத்தை வைத்து பஸ்ஸைச் சொல்லிவிடுவேன், படத்துக்கு எங்கே போவேன்? அத்தை தன் முகத்தைக்கூடக் காட்டிப் பார்த்தார். பெற்ற பிள்ளையின் ஜாடை கொஞ்சமாவது இருக்காதா என்று ஒரு நப்பாசை.

வேறு வழியில்லாமல் ஆபீசுக்குப் போனேன். பாதுகாப்புப் பிரிவு மேடம் என் பெயரைத் திறந்ததும், மீசை வைத்த முகம் வந்திருக்கிறது. இத்தனை நாளா டைப் பண்ணது யாருன்னு கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர்கள் பேசி அனுப்புவதையெல்லாம் கேட்டுக் கேட்டு அடித்தது நான். மூச்சிரைக்கும் டாக்டர், மூக்கடைத்த டாக்டர் என்று ஒவ்வொருவர் குரலும் எனக்கு அத்துப்படி. அதையெல்லாம் நீங்கள் செய்திருப்பீர்களோ என்று ஒருவர் கேட்கும்படி ஆகிவிட்டதே. அழுகை வந்துவிட்டது.

மேடம் கெட்டவர் இல்லை. அங்கேயே ஒரு குரலைப் போட்டு அடிக்கச் சொன்னார், அடித்தேன். பிறகு சின்னதாக ஒரு சாவியைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். கம்ப்யூட்டரில் செருகி, விரலால் தொட்டால் திறக்கிறது. முகமும் வேண்டாம், படமும் வேண்டாம். கை நடுங்குகிறவர்கள், கையே இல்லாதவர்கள் எல்லாருக்கும் அவரவருக்கு ஏற்ற வழி வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதி எழுதி ஓய்ந்துவிட்டாராம். நானும் ஓய்ந்துதான் போயிருக்கிறேன். வேலையைவிட வேலைக்குள் நுழைவதுதான் பெரிய வேலையாக இருக்கிறது.

இத்தனை நாள் அடித்தது யார் என்ற விசாரணை முடிந்தால்தான் அந்தச் சாவி எனக்குக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை உங்களைப் போனில் கூப்பிடுவார்கள். முகம் என்னுது, வேலை அவளுதுன்னு சொல்லுங்கள், அது போதும். உங்களுக்கு இளகிய மனசு, எனக்குத் தெரியும். என் மேல் உள்ள பிரியத்தில், பாவம், அவளால முடியாதுன்னு மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டு இரக்கப்பட்டு என்னை வேலையில் வைத்துக்கொண்டால், மறுபடி அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்,
வீட்டிலிருப்பவள்